195 கிலோவும் ஆறடிச் சந்தும்

வாசகர் கேள்வி – பதில்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற பழைய பாணி வண்டிகளின் எடையைப் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பல வருஷம் ஸ்பிளெண்டர் ஓட்டினேன். கிளாசிக் 350 வாங்கிய முதல் வாரமே தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஏன் இவ்வளவு கனம்? குறைக்க வழி உண்டா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பெட்ரோல், ஆயில் ஊற்றிய நிலையில் ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 195 கிலோ. நடுவில் 83 கிலோ. ஒரு பெரிய ஆள் இறங்காமல் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற கணக்கு அது.

இந்த எடையில் பெரும்பகுதி இரும்பு. டேங்கும் இரண்டு மட்கார்டும் இரும்புத் தகடு, ஃபிரேம் இரும்புக் குழாய். இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 85.8 மி.மீ. ஸ்ட்ரோக் நீளமான இந்த மாதிரி இன்ஜினில் கிராங்கையும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கனமாக வைக்கிறார்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டாலே வண்டி நடை வேகத்தில் அணையாமல் நகர்வதற்கு அந்தக் கனம்தான் காரணம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரி கடந்து போகும்போது, காற்று அடித்தும் வண்டி பெரிதாக ஆடாமல் இருப்பதற்கு வண்டியின் மொத்த எடை காரணம். எனவே எடையை முழுக்க எதிரியாகப் பார்க்க வேண்டாம். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போனால் அது தெரியவே தெரியாது. உருட்டும்போது, திருப்பும்போது, நிறுத்தும்போது மட்டும்தான் படுத்தும்.

உடனே குறைக்கக்கூடியது பெட்ரோல். லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் 13 லிட்டர் டேங்க் நிறையும்போது ஏறக்குறைய 10 கிலோ. அதுவும் வண்டியின் உச்சியில் உட்காரும் 10 கிலோ. கை பழகும்வரை ஐந்தாறு லிட்டரோடு ஓட்டுங்கள். ரிசர்வ் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் விடாதீர்கள். ஃப்யூயல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அது சூடாகாது.

தோள் வலிக்கு எடையைவிடப் பிடிக்கும் விதம்தான் காரணமாக இருக்கும். வண்டியை விட்டுத் தள்ளி நின்று, கையை நீட்டி, நட்டமாகத் தாங்கிப்பிடிக்கப் பார்த்தால் முழுப் பாரமும் தோளில்தான் இறங்கும். இடப்பக்கம் ஒட்டி நில்லுங்கள். வண்டியை ஒரு நூல் உங்கள் பக்கம் சாய்த்து, சீட்டின் ஓரம் இடுப்பில் பட்டிருக்கும்படி வையுங்கள். வலது கையின் இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக் லீவரில். கையால் தள்ளாதீர்கள், இடுப்பாலும் காலாலும் நடந்து தள்ளுங்கள். ஒரே வாரத்தில் தோள் வலி போய்விடும்.

எங்கள் வீடு ஆறடிச் சந்தில். வாசலில் அரையடி உயரப் படி. ராத்திரி வண்டியை வீட்டுக்குள் ஏற்றவும் காலையில் இறக்கவும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் ஒருவனே செய்ய முடியுமா?
– வாசகர், ராயபுரம்

முடியும். சரிவுப் பலகையைச் சரியாகச் செய்துகொண்டால் போதும்.

அரையடி என்றால் 15 செ.மீ. இரண்டடிப் பலகை போட்டால் சரிவு நாலுக்கு ஒன்று. 195 கிலோ வண்டியை ஏற்ற 49 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். நாலடிப் பலகை போட்டால் எட்டுக்கு ஒன்று. 24 கிலோ போதும். நீளம் இரட்டித்தால் பாரம் பாதி. பலரும் ஆறு அங்குலப் படிக்கு ஒன்றரை அடி மரத்துண்டைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டியைக் குறை சொல்கிறார்கள்.

வெறும் பிளைவுட் வேண்டாம். நடுவில் தொய்யும், மழையில் ஊறி ஒரு நாள் முறியும். வெல்டிங் பட்டறையில் நாலடி நீளம், ஓரடி அகலம், 4 மி.மீ. தடிப்புள்ள பூப்போட்ட இரும்புத் தகடு கேளுங்கள். அடியில் இரண்டு ஓரத்திலும் 25 மி.மீ. ஆங்கிள் பற்றவைக்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து 14 கிலோ வாக்கில் வரும், ஒரு கையால் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். மேல் முனையில் தகட்டை ஒரு அங்குலம் மடக்கி, படியின் மேல் கொக்கி போல உட்கார வையுங்கள். இதை விட்டுவிட்டால், பின் சக்கரம் பலகையில் ஏறி அழுத்தும் அந்தக் கணத்தில் பலகை பின்னால் வழுக்கி ஓடிவிடும். தெருவிலேயே சிமெண்ட் சரிவு கட்டுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. சந்தில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல், மழைநீர் போகிற வழியும் அடைபடும்.

பலரும் மறப்பது, தன் கால் எங்கே போகும் என்பதை. சக்கரம் பலகையில் ஏறும்போது நீங்கள் இடப்பக்கம் படியில் ஏற வேண்டும். அந்த இடத்தில் செருப்பு ஸ்டாண்டோ தண்ணீர்க் குடமோ இருந்தால் கால் தடுக்கும், வண்டி உங்கள் மேல் சாயும். பலகைக்கு இடப்பக்கம் ஒன்றரை அடியாவது காலியாக இருக்கட்டும்.

ஏற்றும்போது தள்ளவே வேண்டாம். வண்டியை நேராக, முன் சக்கரம் பலகைக்கு ஓரடி முன்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். இறங்கி இடப்பக்கம் நின்று ஸ்டாண்டை மடக்குங்கள். (சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இப்போதைய வண்டிகள் கியரில் அணைந்துவிடும்.) இன்ஜினை ஓடவிட்டு முதல் கியர் போட்டு, கிளட்சை வண்டி மெல்ல நகரத் துடிக்கும் இடம் வரைக்கும் மட்டும் விடுங்கள். அங்கேயே விரலை நிறுத்தி, வண்டியோடு சேர்ந்து நடந்து ஏறுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டியதே இல்லை; ஐட்லிங்கே இந்தச் சரிவுக்குத் தாராளம். வண்டி வேகமெடுத்தால் கிளட்சை முழுக்கப் பிடித்தால் போதும். பதறி ஆக்சிலரேட்டரை இறுக்கிப்பிடிப்பவர்கள்தான் சுவரில் போய் மோதுகிறார்கள். உள்ளே போனதும் உடனே அணைத்துவிடுங்கள். மூடிய வீட்டுக்குள் புகை ஆகாது.

முகப்பு உள்ளே பார்க்க ஏற்றியதால் காலையில் பின்பக்கமாக இறக்க வேண்டும். அதுதான் சரி. ஏற்றத்துக்கு இன்ஜின் கை கொடுக்கும், இறக்கத்துக்கு மண்ணே இழுத்துக்கொள்ளும். ஆனால் பின்பக்கமாக இறங்கும்போது பாரம் பின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன் சக்கரம் இலேசாகி, முன் பிரேக் பிடித்தாலும் டயர் தேய்த்துக்கொண்டு வழுக்கும், அதுவும் டைல்ஸ் தரையில். அதனால் இன்ஜினை அணைத்தபடியே முதல் கியரில் போடுங்கள். கிளட்சைப் பிடித்தால் வண்டி உருளும், விட்டால் பின் சக்கரம் இறுகி நிற்கும். அந்த நேரத்துக்கு கிளட்ச் லீவர்தான் உங்கள் பின் பிரேக். அரை அரை அடியாக விட்டு விட்டு இறக்குங்கள்.

உள்ளே இடம் போதவில்லை என்று சைடு ஸ்டாண்டில் சாய்த்து வண்டியைச் சுழற்றித் திருப்பும் வித்தை இலேசான வண்டிக்கு மட்டும். இந்த எடைக்கு ஸ்டாண்டின் போல்ட்டும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் நாளடைவில் வளைந்துவிடும்.

என் உயரம் 155 செ.மீ. ராயல் என்ஃபீல்டுதான் வேண்டும் என்று ஆசை. இரண்டு காலும் தரையில் எட்டவில்லை. ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியைத் தாழ்த்தித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா அண்ணா?
– வாசகி, எர்ணாவூர்

வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பின்பக்கத்தைத் தாழ்த்தினால் மூன்று கோளாறு வரும். சைடு ஸ்டாண்டின் நீளம் பழைய உயரத்துக்கு ஆனது. வண்டி தாழ்ந்ததும் அது முன்னளவு சாயாமல் நட்டமாக நிற்கும். தரை கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருந்தால் போதும், யாரும் தொடாமலே வலப்பக்கம் விழும். இரண்டாவது, சென்டர் ஸ்டாண்டு போடுவது முன்பைவிடக் கடினமாகும், ஏனென்றால் பின் சக்கரத்தை இன்னும் அதிக உயரம் தூக்க வேண்டும். மூன்றாவது, நம் தெருக்களில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றும் அடிவயிற்றில் இடிக்கும்.

முதலில் உங்கள் கால் நீளத்தை அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே சீட்டு மாதிரி மேலே இறுக்கிப்பிடித்து, அதன் மேல் விளிம்புக்குச் சுவரில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் கணக்கு. கிளாசிக், புல்லட் இரண்டுக்கும் சீட் உயரம் 805 மி.மீ. அதே கம்பெனியின் ஹன்டர் 350-க்கு 790. மீட்டியோர் 350-க்கு 765. உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டின் அகலம் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். அகலமான சீட்டு தொடையை விரித்து, காலைக் குட்டையாக்கிவிடுகிறது. அதனால் நிற்கும்போது டேங்கை ஒட்டி, சீட் குறுகலாக இருக்கும் முன்பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் நல்ல சீட் கடையில் முன்பக்க ஓரங்களின் ஸ்பாஞ்சை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். நடுவில் கை வைக்கக் கூடாது, இடுப்பு வலி வந்துவிடும். அடி தடித்த ஷூ இன்னொரு அங்குலம் கொடுக்கும்.

இரண்டு காலும் எட்டித்தான் ஆக வேண்டும் என்பதே தேவையில்லாத கவலை. நிற்கும்போது இடது கால் முழுப் பாதமாக ஊன்றினால் போதும். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். இடுப்பை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினால் அந்தக் கால் நன்றாகப் பதியும். இடது பாதம் பதியப்போகிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அங்கே பள்ளமோ மணலோ, காசிமேட்டுப் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகிய தண்ணீரோ இருந்தால் இரண்டடி தள்ளி நிறுத்துங்கள்.

இவற்றில் எது என்று கேட்டால், உங்களுக்கு நாங்கள் சொல்வது ஹன்டர். 181 கிலோ, சக்கரங்கள் 17 அங்குலம், சந்தில் திருப்ப எளிது. மீட்டியோரின் சீட் இன்னும் தாழ்வுதான், ஆனால் 191 கிலோ எடை, நீளமும் அதிகம். ஓட்டப் பார்க்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடிக்காமல், இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

சிக்னலில் நின்றபடியே வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டது. நாலு பேர் வந்து தூக்கினார்கள். தூக்கும்போது இண்டிகேட்டர் உடைந்தது. தனியாகத் தூக்க முறை என்ன? ஏன் விழுகிறது?
– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

ஏன் விழுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நின்ற நிலையில் விழும் வண்டிகளில் பல, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்ததால் விழுகின்றன. யூ டர்ன் எடுக்கிறீர்கள், குறுக்கே ஆட்டோ வருகிறது, நான்கு விரலும் லீவரில் இறுகுகிறது. முன் சக்கரம் சட்டென்று நிற்க, வண்டியின் கனம் முழுவதும் திரும்பிய பக்கம் மடங்கிவிடும். எனவே நடை வேகத்தில் முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். கிளட்ச் பாதி, பின் பிரேக் மெல்ல, பார்வை போகவேண்டிய இடத்தில். நிற்பதற்கு முன் கடைசி மூன்றடியில் ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும்.

சாய ஆரம்பித்தால் எதுவரை தாங்கலாம்? தோராயக் கணக்கு: 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் தாங்க வேண்டியது 20 கிலோ, 30 டிகிரியில் 50 கிலோவுக்கு மேல். முதல் கணத்தில் நிமிர்த்த முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், காலை வெளியே எடுங்கள். லீவர் உடைந்தால் புதிது வாங்கலாம், கணுக்கால் அப்படியில்லை.

இனித் தூக்கும் முறை. முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் கசிந்திருந்தால் அருகில் யாரும் பீடி சிகரெட்டோடு வரவேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், இப்போதே இடப்பக்கம் போய் சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள். தூக்கி நிமிர்த்தியதும் வண்டி மறுபக்கம் போய்விட்டால் அது தாங்கிக்கொள்ளும். கியரில் இருக்கட்டும், உருளாது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, தரையில் கிடக்கும் பக்கத்துக் கைப்பிடி டேங்க் பக்கம் வரும்படி வையுங்கள். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். பிட்டம் சீட்டின் ஓரத்தில் பதியட்டும். ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும் இன்னொரு கையால் பின்னால் உள்ள கிராப் ரெயிலையோ ஃபிரேமையோ பிடியுங்கள். முதுகு நேராக, முழங்கால் சற்றே மடங்கியபடி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தூக்குவது கால்தான், கை வெறும் கொக்கி. பாதி உயரம் வந்துவிட்டால் மீதி இலேசு. முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் தனியாக முயலவே கூடாது.

நம் ஊரில் எப்படியும் நாலு பேர் ஓடிவந்து விடுவார்கள், அது நம் பாக்கியம். வருகிறவர்களுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாது. கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்: “அண்ணே, ஹேண்டில்பார் நீங்க. தம்பி, பின்னாடி கம்பியைப் பிடி. சைலன்சர் சூடு, தொடாதீங்க.” இண்டிகேட்டர், கண்ணாடி, மட்கார்டு மூன்றையும் யாரும் பிடிக்கக் கூடாது.

நிமிர்த்தியதும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். வண்டி சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் இருக்கிறது. சாவியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடுங்கள். கிளம்புமுன் பிரேக் லீவர், பின் பிரேக் பெடல் வளைந்திருக்கிறதா, ஹேண்டில்பாரை முழுக்க இருபுறமும் திருப்பினால் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டால் மூச்சு வாங்குகிறது. வயது 58.
– வாசகர், பெரம்பூர்

தூக்கப் பார்க்கிறீர்கள் ஐயா, அதுதான் பிசகு. இடப்பக்கம் நின்று, இடது கை கைப்பிடியில், வலது கை சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியில். வலது காலால் ஸ்டாண்டை மெல்ல இறக்கி, வண்டியைச் சற்றே நிமிர்த்துங்கள். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டதை ‘டக்’ என்று பாதத்தில் உணர வேண்டும். ஒரு கால் மட்டும் தொட்டிருக்கும்போது மிதித்தால் எத்தனை பலம் இருந்தாலும் ஏறாது. இரண்டும் தொட்டதும், படியில் ஏறுவதுபோல உங்கள் முழு எடையையும் அந்த வலது காலில் இறக்குங்கள். வலது கை வழிகாட்ட மட்டும். அப்படியும் கஷ்டம் என்றால் முக்கால் அங்குலப் பலகை ஒன்றின் மேல் பின் சக்கரத்தை ஏற்றிவிட்டு மிதியுங்கள். பாதி வேலை குறைந்துவிடும். தினமும் போட வேண்டிய அவசியமில்லை. செயின் பார்க்கும் நாளும் பல நாள் வெளியூர் போகும்போதும் போதும்.

வாங்கி இரண்டு வருஷம். இப்போது தள்ளினால் முன்பைவிடக் கனமாகத் தெரிகிறது. வண்டி எடை கூடுமா?
– வாசகர், எண்ணூர்

வண்டி எடை கூடாது, உருளுவதற்குத் தடை கூடும். உங்கள் பக்கம் கடல் காற்றின் உப்பு அதற்குப் பெரிய காரணம். மலிவானதிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் டயர் காற்று. ஸ்போக்ஸ் வீலுக்கு உள்ளே டியூப், தெரியாமலே காற்று இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. தனியாகப் போகும்போது ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று. பங்கில் பையன் பழக்கத்தில் வைக்கும் அளவை நம்பாதீர்கள். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில்பார் திருப்பவே கனக்கும்.

அடுத்து பிரேக். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இலேசாக ‘சர்’ என்று பேட் உரசும் சத்தம் வரலாம். ஆனால் கை எடுத்ததும் கால் சுற்றில் நின்றுவிட்டால் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கு உள்ள இரண்டு பின்களில் கிரீஸ் காய்ந்து உப்புத் துரு ஏறியிருக்கும். கழற்றித் துடைத்து, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். முன் சக்கரத்துக்கும் இதே சோதனை. ஒருவர் பின்னால் அமுக்கிக்கொள்ள, முன் சக்கரம் மேலே வரும்.

அப்படியே முன் சக்கரம் மேலே இருக்கும்போது ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடம் வலம் திருப்புங்கள். நட்ட நடுவில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்) தேய்ந்துவிட்டது. ஓடும்போது தெரியாத அந்தப் பள்ளம், சந்தில் மெல்லத் திருப்பும்போது வண்டியைக் கோணலாக இழுக்கும்.

கடைசியாக செயின். காய்ந்து துருவேறியிருந்தாலும் இறுக்கம் அதிகமானாலும் தள்ளக் கனக்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போட்டுச் சுத்தம் செய்து, துடைத்து, செயின் லூப்ரிகன்ட் அடியுங்கள். அதிக அழுத்தத் தண்ணீர் அடிக்கக் கூடாது, அது செயின் இணைப்புகளில் உள்ள ரப்பர் ரிங்குகளுக்குள் உப்பைத் திணிக்கும். கடலோரம் வைக்கும் வண்டியை வாரம் ஒருமுறை பக்கெட் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஈரத்தோடு கவர் போட்டு மூடிவிட்டால் உப்புக்கும் துருவுக்கும் விருந்து வைத்த மாதிரி.

எடை குறைக்க சாரி கார்டையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு இலேசான சைலன்சர் போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

கூடாது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம் மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-படி கட்டாயம். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. கம்பெனி அமைப்பை மாற்றிச் சத்தம் கூட்டும் சைலன்சருக்கு அபராதம் உண்டு. தவிர, அது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கம்.

எடை குறைக்க நினைப்பவர்கள் பின்னால் தாங்கள் ஏற்றுவதைப் பார்க்கலாம். கேரியர், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, அதன் மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன். கேன் மட்டும் 20 கிலோ, அதுவும் பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில், தளும்பிக்கொண்டு. திரும்பும்போது வண்டி தள்ளாடுவது அதனால்தான். கனமானதை எப்போதும் தாழ்வாகவும் உங்கள் முதுகை ஒட்டியும் வையுங்கள்.

அம்மா ஒரு பக்கமாக ஏறி உட்காரும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏற்றாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து, இரண்டு காலும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, உடம்பைச் சற்று வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு “ஏறும்மா” என்று சொல்லுங்கள். அம்மா உங்கள் தோளைப் பிடித்து ஏறட்டும். கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தால் வண்டி அவர் பக்கம்தான் வரும். நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் ஏறுவது பாதி உயரமாகிவிடும். கிளாசிக்கின் பின் ஷாக் அப்சார்பரில் ஆறு படி இறுக்கம் உண்டு. அடிக்கடி இருவராகப் போனால் இரண்டு படி கூட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

மழையில் சுரங்கப்பாதையில் வண்டி நின்றுவிட்டால்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். இறங்கி நின்றுவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அதை அமுக்க முடியாமல், பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினைப் பிரித்துச் செய்யும் செலவு அது. நியூட்ரலில் போட்டு, ஒருவர் ஹேண்டில்பார், ஒருவர் பின்னால் என்று இரண்டு பேராகத் தள்ளி மேட்டுக்கு வாருங்கள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடித்து, பிளக்கைக் கழற்றி, இன்ஜினில் ஆயில் தெரியும் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

மே மாத வெயிலில் தார் இளகி சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி விழுந்துவிட்டது. எண்ணூர் கடற்கரை மணலிலும் இதே கதை.
– வாசகர், திருவொற்றியூர்

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, உங்கள் ஊரில்தான் புல்லட்டைச் செய்தார்கள். இந்தத் தொல்லையும் அந்த வண்டிக்குப் பழையதுதான்.

நான்கு அங்குலச் சதுரமாக 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, மூன்றடி நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது துண்டைக் கீழே போட்டு, ஸ்டாண்டின் பாதத்தை அதன் நடுவில் இறக்கி, கயிற்றை ஹேண்டில்பாரில் சுற்றி வையுங்கள். கிளம்பும்போது ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டை மடக்கிவிட்டு, கயிற்றை இழுத்தால் துண்டு கைக்கு வந்துவிடும். சரிவில் நிறுத்தினால் முகப்பு மேட்டைப் பார்க்க, முதல் கியரில். இடப்பக்கம் மேடாக இருக்கும் இடத்தில் நிறுத்தவே வேண்டாம். வண்டி நட்டமாக நின்று, ஒரு நாய் உரசினாலும் வலப்பக்கம் விழும்.